நெருப்பில்லாத குளியலறை

1

போன வாரம் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்குக் குடிவந்திருக்கும் திருச்சிப் பெண் என்னைத் தேடி வந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ். மைசூருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, குளிக்கிற அறைச் சுவரெல்லாம் கறுப்பா பூத்துப்போகுது. எத்தனை தேய்ச்சாலும் பத்து நாள்ல திரும்ப வந்துடுது. நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"தினமும் அங்கே அடுப்பு எரிக்கணும். புகைபோக்கியை அடைக்கக் கூடாது" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் நிம்மதியாகப் போய்விட்டாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பின்கட்டுக்குப் போனேன், முன்னறைக்கு வந்தேன், மடித்த துணியையே மறுபடி மடித்தேன். பதினான்கு வருஷமாக இந்த ஊரில் ஆனி, ஆடி வந்தால் எனக்கு இப்படித்தான். போகிற வீட்டிலெல்லாம் சுவர் மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன். வார்டில் ஜன்னல் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஈரம் என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரியைக் கற்க எனக்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதில் என் மகளையே இழக்கப் பார்த்தேன்.

நம் சபைப் பத்திரிகைக்கு மைசூர் வாழ்க்கையைப் பற்றி எழுதும்படி பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. அங்கே உள்ளவர்களுக்கு மைசூர் என்றால் தசரா, யானை, சந்தனக் கட்டை. அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு குளியலறையைப் பற்றி.

2

நான் பிரசவம் பார்க்கப் படித்த நர்ஸ். என் கணவர் ஆசீர்வாதம் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியர். இந்தச் சமஸ்தானத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, கன்னடம் தெரியாத வாத்தியாருக்கு இங்கே இடமில்லை. அவர் அங்கேயே இருப்பது, நானும் மகள் கிருபாவும் இங்கே வருவது, இரண்டு வருஷம் பார்ப்பது என்று பேசி முடித்தோம். மனைவி வேலைக்குப் போக, புருஷன் ஊரில் இருக்கிறான் என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் என்னிடம் அதைச் சொன்னதில்லை. கிருபாவுக்கு அப்போது ஏழு வயது.

கிருபாவுக்குச் சின்னதிலிருந்தே நெஞ்சு பலமில்லை. சளி பிடித்தால் இழுப்பு வந்துவிடும். பாளையங்கோட்டையின் காய்ந்த காற்றில் அது வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகும். அங்கே எங்கள் வீட்டில் குளிக்கிற இடத்துக்குக் கூரையே கிடையாது. நான்கு பக்கமும் தட்டி, மேலே வானம். ஊற்றிய தண்ணீர், துண்டை எடுப்பதற்குள் கல்லில் காய்ந்துவிடும். அந்த வெயிலை நான் திட்டாத நாள் இல்லை. அதை இப்போது புகழ்ந்து எழுதினால் பொய்யாகிவிடும். பூஞ்சை என்பது எங்களுக்கு ஊறுகாய் ஜாடியில் வருகிற ஒன்று. அது சுவரில் வரும் என்று எனக்குத் தெரியாது.

இங்கே எங்களுக்குக் கொடுத்த வீடு ஏரிக்கரைக்குக் கீழே, தாழ்ந்த நிலத்தில், ஆறு வீடுகள் ஒட்டியிருந்த வரிசையில் மூன்றாவது. பின்பக்கம் இருட்டாக ஒரு சின்ன அறை. அதற்குப் பச்சல் என்று பெயர். குளியலறைதான். அறையின் மூலையில் சுவரோடு சேர்த்து ஓர் அடுப்பு, அதன்மேல் பதித்த பெரிய செம்பு அண்டா, மேலே புகை போக ஒரு பொந்து. இங்கே எல்லார் வீட்டிலும் விடியற்காலையில் அந்த அடுப்பைப் பற்றவைத்துத்தான் மறுவேலை.

குடிவந்த முதல் வாரம் நானும் பற்றவைத்தேன். ஈர விறகு. அறை முழுக்கப் புகை. கிருபா இருமினாள். நான் படித்தவள் அல்லவா? புகை நெஞ்சுக்கு ஆகாது என்று பாடத்திலேயே இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆளைப் பிடித்து அடுப்பை இடிக்கச் செய்தேன். அண்டாவைக் கொல்லையில் கவிழ்த்தேன். பொந்தைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே பூசி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. வீடு என்னுடையதல்ல, சர்க்கார் வீடு, கேட்காமல் இடிக்கக் கூடாது என்பது தெரியும். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பார்த்தது பக்கத்து வீட்டு மாதம்மா. கொள்ளேகால் பக்கம் கௌதள்ளியிலிருந்து வந்தவள். நடுத்தர வயது, பிள்ளைகள் கிடையாது. அவள் கணவர் மராமத்து ஆபீஸ் தோட்டத்தில் தோட்டக்காரர். அவள் தமிழும் கன்னடமும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து பேசுவாள். செங்கல் துண்டுகள் வெளியே வந்து விழுவதைப் பார்த்துவிட்டு மதிலோரம் வந்து நின்றாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, பச்சல் அடுப்பெ எதுக்குங்க ஒடச்சுப்போட்டீங்க? நெருப்பு இல்லாத பச்சலு காயுமுங்களா?"

"எங்களுக்கு வெந்நீர் வேண்டாம்மா. பச்சைத் தண்ணிதான் பழக்கம்."

"தண்ணிக்குச் சொல்லலீங்க. சொவத்துக்குச் சொன்னேனுங்க."

நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

3

முதல் மழைக்காலத்தில் கடுகு தெளித்த மாதிரி கொஞ்சம் கரும்புள்ளி வந்தது. துடைத்தேன், போயிற்று. தேங்காய் நாரும் சாம்பலும் போதுமாயிருந்தது. கிருபாவுக்கு இழுப்பு மூன்று தடவை வந்தது. ஊர் புதிது, தண்ணீர் புதிது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது மழை அப்படி விடவில்லை. தென்மேற்குப் பருவம் போகும்முன் வடகிழக்கும் எட்டிப்பார்க்கிற ஊர் இது. வாரக்கணக்கில் சூரியன் வராது. கொட்டவும் செய்யாது, நிற்கவும் செய்யாது, நூல் நூலாய் விழுந்துகொண்டே இருக்கும். குளியலறைப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து தட்டையளவு வட்டங்களாயின. கதவின் பின்பக்கம் எலிமுடி மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ முளைத்தது. தரை மூலையில் பச்சைப் பாசி. மாட்டிய துண்டில் மறுநாள் புள்ளி. அந்த வாடை சேலையில் ஏறி என்னோடு வார்டுக்கும் வந்தது.

வார்டில் என் கண்ணுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். கட்டிலுக்கு அடியில் விரலை விட்டுத் தூசி பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்கு மேல் சேலையைச் செருகிக்கொண்டு சுவரைத் தேய்ப்பேன். சாம்பல், சுண்ணாம்பு, மயில்துத்தம், ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்கிவந்த கார்பாலிக். ஒவ்வொன்றுக்கும் சுவர் ஏழெட்டு நாள் வெளுத்துக் காட்டும். ஒன்பதாம் நாள் அதே இடத்தில், அதே வடிவத்தில், திரும்ப வரும்.

கிருபாவுக்கு இப்போது பத்து நாளைக்கு ஒரு தடவை இழுப்பு. தோள் இரண்டும் காதுவரை ஏற, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, "வீட்டில் ஈரம் இருக்கிறதா, சிஸ்டர்?" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர். சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன்" என்றேன்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. என் வீட்டை அழுக்கு என்று சொன்னதாகவே எனக்குப் பட்டது.

ஊரில் இருந்த என் கணவருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். "இழுப்பு குறைந்திருக்கிறது, இங்கே காற்று நல்ல காற்று" என்று எழுதுவேன். கிருபா தன் பங்குக்குக் கீழே நான்கு வரி எழுதுவாள். அவள் தமிழ் எழுத்து தேய்ந்துகொண்டே வந்தது. பள்ளியில் கன்னடம், தெருவில் கன்னடம். 'ழ' எழுதும் இடத்தில் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். அதையும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

4

சுவரிலேயே ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, ஆவணி மாதம் மராமத்து ஆபீசுக்கு மனு எழுதினேன். ஆங்கிலத்தில்தான். முதல் தடவை போனபோது வீட்டு எண் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை, எண் இருக்கிறது, ஆஸ்பத்திரித் தலைவரின் கையெழுத்து இல்லை. மூன்றாம் தடவை குமாஸ்தா இல்லை. நான்காம் தடவை ஆள் இருந்தார், மனு மாடிக்குப் போயிருந்தது. மாடியில் கேட்டால் கீழே அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஐந்தாம் தடவை, பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு நாள், கிருபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் கன்னடம் கடைக்குப் போகும் அளவுக்குத்தான். அவள் எனக்கு வாயாக இருந்தாள்.

குமாஸ்தா ஒல்லியான மனிதர். சரிகைத் தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கண்ணாடிக்கு மேலாகக் குழந்தையைப் பார்த்து மரியாதையாகவே பேசினார். மனுவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஏதோ கேட்டார்.

கிருபா என் பக்கம் திரும்பினாள். "அம்மா, வீட்டுல எதையாவது இடிச்சோமா, மாத்தினோமான்னு கேக்காங்க."

இடித்தோம் என்றால் என்ன ஆகும்? வீட்டைப் பறிப்பார்களா? ஆஸ்பத்திரிக்கு எழுதுவார்களா? வந்து இரண்டு வருஷம்கூட முடியவில்லை.

"இல்லன்னு சொல்லு" என்றேன்.

அவள் உடனே சொல்லவில்லை. என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அடுப்பை இடித்த அன்று செங்கல் துண்டுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டவளே அவள்தான்.

"சொல்லும்மா."

"இல்லா சார்" என்றாள் அவரிடம்.

'இல்லை' என்பதற்கு இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான். அதை மொழிபெயர்க்க எனக்கு ஆள் தேவையே இல்லை. நானே சொல்லியிருக்கலாம். இது எனக்கு ஆபீஸ் படி இறங்கும்போதே தோன்றியது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. வழியெல்லாம் கிருபா என் விரலைப் பிடிக்காமல் நடந்தாள்.

5

பதினைந்து நாள் கழித்து ஒரு கொத்தனாரை அனுப்பினார்கள். வயதானவர், கன்னடம் மட்டும் பேசுகிறவர். கிருபா பள்ளிக்குப் போயிருந்தாள். அவர் குளியலறைக்குள் போய்ச் சுவரைத் தட்டினார், முகர்ந்தார், கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஹசி இதே அம்மா, தும்ப ஹசி" என்றார்.

தமிழைக் கன்னடமாக்க நான் ஒரு சூத்திரம் வைத்திருந்தேன். 'ப' வரும் இடத்தில் 'ஹ' போட்டுவிட வேண்டும். பால் என்பது ஹாலு, பல் என்பது ஹல்லு, பத்து என்பது ஹத்து. பலமுறை கைகொடுத்த சூத்திரம். ஆகவே ஹசி என்றால் பசி. தும்ப என்றால் ரொம்ப என்பது தெரியும். பெரியவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை போலும் என்று இலையைப் போட்டேன். சோறு, பருப்புக் குழம்பு, அப்பளம். அவர் திகைத்தார். நான் வற்புறுத்தினேன். உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, மறுபடியும் "ஹசி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இன்னும் சோறு கொண்டுவரத் திரும்பினேன்.

அவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டி, என்னையும் அதில் கைவைக்கச் சொன்னார். வைத்தேன். எடுத்தபோது கை நனைந்திருந்தது. "ஹசி" என்றார் மூன்றாம் முறை. ஈரம்.

நானும் சிரித்தேன். அதோடு முடிந்திருக்கும். அவர் போகிற போக்கில் அடைத்த பொந்து இருந்த இடத்தை விரல் மடக்கித் தட்டினார். சத்தம் வேறுமாதிரி கேட்டது. கீழே, அடுப்பு இருந்த மூலையில் தரைப்பூச்சு வேறு நிறமாய் இருப்பதையும் பார்த்தார். "இல்லி ஒலே இத்தா?" என்று கேட்டார். இங்கே அடுப்பு இருந்ததா என்கிறார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியாத முகம் காட்டினேன். அவர் கொஞ்சம் நின்றார். என் சோற்றைச் சாப்பிட்ட மனிதர். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. சுவரில் பழுது ஏதும் இல்லை, குடியிருப்பவர்கள் அறையைக் காற்றோட்டமாக வைத்துக்கொள்ள வேண்டியது என்று.

6

புரட்டாசியில் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து மூன்று மணிக்கே வந்துவிட்டேன். வீட்டில் கிருபா இல்லை. மாதம்மா வீட்டுப் பின்பக்கமிருந்து அவள் சத்தம் கேட்டது. கன்னடப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். மதிலைச் சுற்றிப் போனேன். பச்சல் கதவு திறந்திருந்தது. அடுப்பில் தணல். கிருபா சின்னக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்க, மாதம்மா அவள் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுவர் புகையில் பழுப்பாக இருந்தது. ஒரு புள்ளி இல்லை. குழந்தை பாட்டின் ஓர் அடியை ஒரே மூச்சில் முடித்தாள். அவள் ஒரே மூச்சில் எதையாவது முடித்து எத்தனை நாளாயிற்று என்று நான் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை.

என்னைக் கண்டதும் பாட்டு நின்றது.

"எத்தனை நாளா நடக்கு இது?"

"அம்மா, இங்கன பெச்சகே இருக்கும்மா" என்றாள் கிருபா.

அந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை. மாதம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "கதகதன்னு இருக்குதுங்கறா. கோவிச்சுக்காதீங்க நர்ஸம்மா. நாந்தானுங்க கூப்பிட்டேன். புள்ளெ ஈரத்துல நடுங்கீட்டு இருந்துச்சுங்க."

என் மகள் சொன்னதை இன்னொருத்தி எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் எனக்குச் சுட்டது. தலையில் சீயக்காயோடு கிருபாவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"நம்ம வீட்டுல தண்ணி இல்லியா? அடுத்த வீட்டுல போயா குளிக்கணும்?"

"நம்ம வீட்டுச் சுவரு நாறுதும்மா."

இனி அங்கே போகக் கூடாது என்றேன். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. போகவில்லை. எட்டாம் நாள், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் இழுப்பு பிடித்தது. அதற்குமுன் அப்படி வந்ததே இல்லை. உதடு நீலம் பாரித்தது. குதிரை வண்டியில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். எத்தனையோ தாய்மாருக்கு 'பயப்படாதீங்க' என்று சொன்ன அதே வராந்தாவில் நான் நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு யார் சொல்லியும் காதில் ஏறவில்லை.

பாளையங்கோட்டைக்குத் தந்தி கொடுத்தேன். அவர் மூன்று வண்டி மாறி வந்து சேர்ந்தார்.

7

வந்த மறுநாள் காலை அவர் குளிக்கப் போனார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை. போனபடியே திரும்பி வந்தார்.

"இதுலயா பிள்ளை குளிக்குது, எஸ்தர்?"

நான் அவர் தோளிலிருந்த துண்டை வாங்கி மடித்தேன்.

"நல்ல காத்துன்னு எழுதினியே."

"மழைக்காலம்தானே. போயிரும்."

"ரெண்டு வருஷம்னு பேசினோம். நான் ஒண்ணும் சொல்லல. நீ வேலையில இரு, எனக்குச் சங்கடம் இல்ல. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். அங்கன அவ மூச்சு விட்டாப் போதும்."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அடுப்பை நான்தான் இடித்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வேலையை விட்டுவிட்டு நானும் வருகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டையும் வாயருகே கொண்டுவந்து விழுங்கினேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

ரயில் கிளம்பும்போது கிருபா அழவில்லை. ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "மாதம்மாட்ட சொல்லிட்டு வரலம்மா. நீ சொல்லிரு" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாதம்மா வீட்டுக்குப் போய், "அடுப்பைத் திரும்பக் கட்டணும். எப்படின்னு சொல்லித்தாங்க" என்றேன். அவள் 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னோடு வந்து, எங்கள் கொல்லையில் குவித்திருந்த பழைய செங்கற்களைக் காலால் புரட்டிப் பார்த்தாள். "மண்ணு நாங் கொண்டாறனுங்க. நீங்க தண்ணி எடுத்து வையுங்க" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து மண் குழைத்தோம். பொந்தை உளியால் நானே திறந்தேன். அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பதித்தோம். விறகை முதல் நாளே அடுப்பருகில் அடுக்கிக் காயவைத்தால் புகையாது என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான். மூன்றாம் நாள் சுவரிலிருந்து ஆவி எழுந்தது. ஆறாம் நாள் கறுப்பு பொடியாகி, துடைப்பம் பட்டதும் உதிர்ந்தது. பத்து நாளில் சுவர் காய்ந்துவிட்டது. வீட்டில் மூச்சு விட நான் ஒருத்திதான் இருந்தேன்.

அவருக்கு எழுதினேன். "சுவர் காய்ந்துவிட்டது, கிருபாவை அழைத்து வாருங்கள்." பதில் வந்தது. "போன மழையிலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினாய்." அதற்குமேல் ஒன்றும் இல்லை.

8

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மாதம்மா ஒரு கடிதத்தோடு வந்தாள். அவள் பேருக்கு வந்திருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. உறையைப் பிரித்தேன். உள்ளே கிருபாவின் கையெழுத்து. ஆனால் எல்லாம் கன்னடம். எனக்கும் படிக்கத் தெரியாது. பாளையங்கோட்டையில் அதைத் தபாலில் போட்ட அவள் அப்பாவுக்கும் ஓர் எழுத்து தெரியாது. என் மகள் எங்கள் இருவரையும் தாண்டி ஒரு கடிதம் எழுதியிருந்தாள்.

பள்ளிக்கூடம் மூடியிருந்தது, படித்துச் சொல்ல வாத்தியார் இல்லை. "எங்க ஊட்டுக்காரரு வேலெ செய்யற ஆபீசுல அந்தத் தலப்பாக்காரரு இருப்பாருங்க. நல்ல மனுசருங்க. படிச்சுச் சொல்லுவாரு" என்றாள் மாதம்மா. எனக்குத் தயக்கம்தான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்கிற தவிப்பு அதைவிடப் பெரிதாயிருந்தது.

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். மாதம்மா ஒவ்வொரு வரியாக எனக்குச் சொன்னாள்.

"'மாதம்மாவுக்குக் கிருபா நமஸ்காரம். நான் சௌக்கியம்'ங்கறா. 'இங்கெ மழெ இல்லெ, இழுப்பும் இல்லெ. நான் பேசறதெக் கேட்டு எல்லாப் புள்ளெகளும் சிரிக்குதுக. அதனாலெ நான் பேசறதில்லெ'ங்கறா. 'சொவரு காஞ்சிருச்சுன்னு அம்மா எழுதியிருக்குது. நெசமுங்களா? நீங்க சொன்னா நம்புவேன்'ங்கறா."

குமாஸ்தா அடுத்த வரியை வாசித்தார். பாதியில் குரல் தணிந்தது. முழுதும் வாசித்து முடித்துவிட்டுக் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். மாதம்மா வாய் திறக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க. புள்ளெ ஏதோ..."

ஆனால் அதில் ஒரு சொல் எனக்குத் தெரிந்த சொல். சுள்ளு. பொய்.

"சொல்லுங்க மாதம்மா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'ஆபீசுல தலப்பா கட்டுன மாமா கேட்டப்போ நான் இல்லென்னு சொன்னேன். அது பொய்யி. அடுப்பு இருந்துச்சு. அவரெப் பாத்தா நீங்க சொல்லிப்போடுங்க. எனக்கு ஜெபம் பண்ண வரமாட்டேங்குது'ங்கறா."

ஒன்பது வயதுப் பிள்ளை, நான் சொல்லச் சொன்ன பொய்யைத் தன் பொய்யாக்கிச் சுமந்துகொண்டு மூன்று வண்டி மாறிப் போயிருக்கிறது. இழுப்பைப் பற்றித்தான் நாங்கள் எல்லாரும் பேசினோம். இதை யாரும் கேட்கவில்லை.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. "நிஜவா?" என்று மட்டும் கேட்டார்.

"ஹௌது" என்றேன். ஆமாம். அந்த ஆபீசில் என் வாயால் நானே சொன்ன முதல் கன்னடச் சொல்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அனுமதி இல்லாமல் அடுப்பை இடித்தது நான், கேட்டபோது மறைத்தது நான், அனுமதி இல்லாமல் திரும்பக் கட்டியதும் நான். அந்த மனுவும் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியது. ஐந்து மாதம் கழித்து உத்தரவு வந்தது: இனி இவ்விதம் செய்யக் கூடாது என்று எச்சரித்து, அடுப்பு இருந்தபடியே இருக்கலாம் என்று. அதற்குள் நான் அந்த அடுப்பில் ஏழு மாதம் வெந்நீர் போட்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே கன்னட முதல் பாடப் புத்தகம் வாங்கினேன். ஆஸ்பத்திரி ஆயாமாரின் பிள்ளைகள் என் எழுத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் ஆயிற்று, மூன்று வரி எழுத. மாதம்மாவின் பேரில் அல்ல, என் பேரிலேயே கிருபாவுக்கு எழுதினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: சுவர் காய்ந்துவிட்டது. பொய் சொன்னது நான், நீ இல்லை. மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

அதையே அவருக்கும் தமிழில் எழுதினேன், அடுப்பை இடித்த நாளிலிருந்து ஒன்று விடாமல். அவரிடமிருந்து வெகுநாள் பதில் இல்லை. பிறகு ஒரு கார்டு வந்தது. கோடை விடுமுறை முடிவில் வருகிறோம்; மழை தொடங்கட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று.

அவர்கள் வந்த அன்று நூல் மழை பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டு முன்னால் குதிரை வண்டி நின்றதும் கிருபா குதித்து இறங்கினாள். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைத் தாண்டி நேரே பின்கட்டுக்குப் போனாள். பின்னாலேயே போனேன். அவர் பெட்டியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார்.

முன்பு ஆகக் கறுப்பாயிருந்த மூலையில் அவள் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாய் ஒட்டியிருந்தது. அந்தக் கையோடு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.